கடுகண்ணாவைக் கணவாய்ச் சாலை

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வாடகை மோட்டார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, குழந்தைகளும் பெரியவர்களுமாகக் கண்டிக்குப் புறப்படுகிற தமிழ்க் குடும்பம், சாரதி ஓட்டினாலும் குடும்பத் தலைவரே ஓட்டினாலும், மூன்று நான்கு மணி நேரத்தில் புத்தரின் தந்ததாதுக் கோயிலான தலதா மாளிகையின் வாசலை அடைந்துவிடுகிறது. விடுமுறைக் காலத்துச் சாதாரண சௌகரியமாகிவிட்ட இந்தப் பிரயாணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்த வண்டிக்கும் சாத்தியமாயிருக்கவில்லை. மலைநாட்டு மக்களுக்குச் சாலை போடும் சாமர்த்தியம் இல்லாமற்போனது இதற்குக் காரணமன்று; சாலை இல்லாமலிருப்பதே கண்டி ராஜ்யத்தின் அரண் என்று அதன் அரசர்கள் தெளிந்திருந்தார்கள்.

1660இல் சிறைப்பட்டுக் கண்டி நாட்டில் பத்தொன்பது வருஷங்கள் அடைபட்டுக் கிடந்து, 1679இல் தப்பிப் போன ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், ஊர் திரும்பி எழுதிய நூலில் இந்த ராஜதந்திரத்தை விவரித்திருக்கிறார். ஆற்றுக்குப் பாலம் கட்டுவதையும் வழிகளை அகலப்படுத்துவதையும் அரசன் விரும்பவில்லை. ஒருவர்பின் ஒருவராக நடக்கும் அளவுக்கே ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. கணவாய்களின் வாயில் முட்கதவுகள் இருந்தன; காவலர்களும் இருந்தனர். போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் ஏறி வந்து தோற்று இறங்கியதும், 1803இல் ஆங்கிலேயப் படை ஒன்று கண்டியில் அழிந்ததும், காட்டுக்கும் காய்ச்சலுக்கும் இந்தப் பாதையின்மைக்கும் கிடைத்த வெற்றிகளே. 1815இல் அந்த ராஜ்யம் வீழ்ந்தபோதுகூட, உள்ளிருந்த பிரதானிகளின் துணை ஆங்கிலேயருக்கு வேண்டியிருந்தது. பிடிபட்டு வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே 1832இல் உயிர் நீத்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழித் தொடர்புடையவன் என்பதால், இந்தக் கதை நமக்கு அந்நியக் கதையன்று.

1817, 1818ஆம் வருஷங்களில் எழுந்த பெருங்கலகத்தை அடக்கிய பிறகு, மலைநாட்டைக் கையில் வைத்திருக்கக் கோட்டைகளைவிடச் சாலைகளே உதவும் என்ற முடிவுக்கு ஆங்கில அரசாங்கம் வந்தது. 1820இல் தற்காலிகமாகவும், 1824 முதல் 1831 வரை முழு அதிகாரத்தோடும் தேசாதிபதியாயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இந்த வேலையில் காட்டிய பிடிவாதம் அசாதாரணமானது. பதினாறு வயதளவில் இருந்த தாமஸ் ஸ்கின்னர் என்ற இளைஞரிடம் கொழும்பு-கண்டிச் சாலையின் ஒரு பகுதியை ஒப்படைத்தார். ஸ்கின்னர் பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் இலங்கையின் சாலைகளிலேயே ஆயுளைச் செலவிட்டார். சாலையின் திட்டம் கேப்டன் டாசன் என்ற பொறியியல் அதிகாரியுடையது. மலையைத் துளைத்துப் போகிறவனே இந்த நாட்டை ஆள்வான் என்று ஒரு பழங்கூற்று சிங்களரிடையே வழங்கி வந்ததாகச் சொல்வார்கள்; வழியிலுள்ள கடுகண்ணாவைக் கணவாயில் சாலை ஒரு பாறையைக் குடைந்து சென்றபோது, அந்தக் கூற்று நிறைவேறியதாகவே மக்கள் எண்ணினார்கள் என்பதும் ஐதீகம்.

டாசன் 1829இல் காலமானார். அவருடைய ஞாபகார்த்தமாகக் கணவாயின் உச்சியில், உள்ளே மரப் படிகள் சுழன்று ஏறுகிற வெண்மையான கோபுரம் ஒன்றைக் கட்டினார்கள். அதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாறையை உளி கொண்டு பிளந்தவர்களுக்கு அங்கே ஒரு சிறு கல்லும் நடப்படவில்லை என்பது எனக்கு மனம் ஆறாத விஷயம். அரசனுக்குச் செய்யவேண்டிய ஊழியமான ராஜகாரியத்தைப் புதிய எஜமானர்களும் விடாமல் பிடித்துக்கொண்டு, வயலிலிருந்தும் வீட்டிலிருந்தும் கிராமத்தாரைச் சாலை வேலைக்கு இழுத்தார்கள். 1832இல் அந்த முறை ஒழிக்கப்படுமுன் சாலையின் பெரும்பகுதி முடிந்திருந்தது.

அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. கூலி கொடுத்து இடம் பெற்று, விடியலில் புறப்பட்டால் எழுபத்திரண்டு மைலையும் அன்றைக்கே கடந்துவிடலாம் என்பது, பல நாள் நடையைத் தவிர வேறு அறியாத தேசத்தில் எத்தகைய அதிசயமாயிருந்திருக்கும்! இன்றைய வாடகை மோட்டாரின் வம்சம் அந்த வண்டியிலிருந்தே தொடங்குகிறது என்பேன். வழியில் தங்குவதற்கு வெள்ளைக்காரருக்கு வாடிவீடுகள், மற்றவர்களுக்கு அம்பலங்கள். கடுகண்ணாவையின் பழைய அம்பலம் இன்றும் நிற்கிறது. கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது கோப்பி மூட்டைகளை இறக்கவும் அரிசியை ஏற்றவும் கரத்தைகள் என்ற மாட்டு வண்டிகள் நீண்ட வரிசையாக ஏறி இறங்கின. மாட்டுக்கு நோய் கண்ட வருஷங்களில் வியாபாரமே ஸ்தம்பித்தது. பொருள் போகும் வழியில் திருடனும் வருவான் அல்லவா? மாவனல்லைக்கு அருகேயுள்ள உத்துவன்கந்தைக் குன்றை இருப்பிடமாகக் கொண்டு இந்தச் சாலையைக் கலக்கிய சரதியேல், தன் தோழன் மம்மலி மரைக்காரோடு 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். அவன் ஏழைக்கு ஈந்தவன் என்ற கதை அவனுக்குப் பின்னும் வாழ்கிறது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்து சேர்ந்ததும் கரத்தைகளின் காலம் முடிந்தது.

மோட்டார் இந்தச் சாலைக்குப் பிற்காலத்தில் வந்த விருந்தாளி. 1904இலேயே இலங்கையில் மோட்டார் சங்கம் தோன்றிவிட்டது. மோரிஸ் மைனர் என்ற சிறிய கார் பிற்பாடு வாடகைக் காராகி ஊர்தோறும் புகழ் பெற்றது. ஒரு தேசத்து ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தை இன்னொரு தேசம் ஏற்கும் வழக்கம் 1926இல் பாரிஸிலும் 1949இல் ஜெனீவாவிலும் ஏற்பட்ட உடன்படிக்கைகளால் உறுதிப்பட்டது. இன்றும் நம்மவர் இலங்கையில் உரிய ஒப்புதலைப் பெற்றே அங்கே ஓட்டவேண்டும். இரு தேசங்களிலும் இடப்புறமே ஓட்டுவதால் கை தடுமாறாது. மழையில் கணவாய் ஏறும்போது மட்டும் வேகத்தைக் குறைப்பது நலம்.

கணவாயைத் தாண்டிப் பேராதனையில் இந்தச் சாலை மகாவலி ஆற்றைக் கடக்கும் இடத்தில், முதிரை மரத்தால் ஒரே வளைவாக அமைந்த பாலம் ஒன்று 1833 முதல் 1905 வரை நின்றது. பிறகு அதன் இடத்தில் இரும்புப் பாலம் வந்தது.

ஆனால் இந்தச் சாலை ஒன்றையே பார்த்துத் திரும்புகிற தமிழ்க் குடும்பம் பாதிச் சரித்திரத்தையே பார்த்ததாகும். கோப்பித் தோட்டங்களுக்கு ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கூலிகளாக வந்த நம் மக்களுக்குத் தபால் வண்டியும் இல்லை, அம்பலமும் அரிது. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து, குழந்தைகளைத் தோளில் சுமந்து, மாத்தளைவரை நடந்தே வந்தார்கள்; வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். காலப்போக்கில்தான் அந்த நடை ஓய்ந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய பதினாறு மைல். அமர்த்திய வாகனம் இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும். முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கி வணங்கிவிட்டு, அங்கிருந்து வடக்கே தம்புள்ளைக்குப் போகிற சாலையைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இவ்வழியாகத்தான் அவர்கள் நடந்து வந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லவேண்டும்.