சொரபொர குளமும் ஒரு பிள்ளையின் கேள்வியும்



எங்கள் பதுளை மாவட்டத்தின் வடக்கே, மகியங்கனையில் இருக்கிறது சொரபொர குளம். லீவு நாளில் போவோம். படகில் ஏறுவோம், குளக்கட்டில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்போம், படம் எடுப்போம், திரும்பிவிடுவோம். துருசுப் பக்கம் நம்மில் பலர் போவதில்லை.

பார்க்க வேண்டியது அதுதான். கட்டிலிருந்து சற்றுத் தள்ளி, இயற்கைப் பாறையைக் குடைந்து தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்கள். மண் கட்டுக்குள் துருசு வைத்தால், அதன் ஓரமாக நீர் கசிந்து கட்டையே அரித்துவிடக்கூடும். பாறை அப்படி அரிக்காது. மண்ணையும் நீரையும் நன்றாக அறிந்தவர்களின் வேலை.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில், துட்டகைமுனு மன்னனின் காலத்தில், புலத்தா என்ற வீரன் இதைக் கட்டினான் என்பது சிங்கள மக்களின் மரபுக் கதை. வகுப்பில் இதைச் சொன்னோம். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், ஒரே ஆளா இவ்வளவு கல்லையும் வெட்டினார்?"

நாங்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னோம். கதை ஒரு பெயரை வைத்துக்கொண்டது. கல் வெட்டியவர்கள், மண் சுமந்தவர்கள் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. தூரத்துக் காலத்தில் மட்டும் நடந்ததா இது? 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. மலையைக் குடைந்து அந்தப் பாதையைப் போட்டவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கேள்வி கேட்ட பிள்ளையின் பூட்டனும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அடுத்த முறை போனால் துருசடிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கல்லைக் காட்டிவிட்டு, அவன் கேட்ட கேள்வியை அவர்களிடமும் கேளுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.