பூட்டிய அறைகளின் திறவுகோல்

1790 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஹனா மில்ஸ் என்னும் விதவைப் பெண்ணொருத்தி, இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள யோர்க் நகரத்து மனநோயாளர் விடுதியிற் சேர்க்கப்பட்டாள். அவள் குவேக்கர் என்ற கிறிஸ்தவ குழுவைச் சேர்ந்தவள். தொலைவிலிருந்த உறவினர், அந்நகரிலிருந்த தம் குழுவினரை அவளை ஒருமுறை பார்த்துவரும்படி வேண்டிக்கொண்டனர். போனவர்கள் வாயிலிலே தடுக்கப்பட்டனர். நோயாளி பிறரைக் காணும் நிலையில் இல்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. ஏப்ரல் முடிவதற்குள் அவள் இறந்துபோனாள். உள்ளே என்ன நடந்தது என்பதை வெளியிலுள்ள எவரும் அறியார்.

நேயர்களே, அவ்விடுதி ஏதோ ஓர் இழிந்த கொட்டில் என்று எண்ணிவிடாதீர்கள். ஜோன் கார் என்ற புகழ்பெற்ற சிற்பி வகுத்த கட்டடம் அது; 1777 இலே திறக்கப்பட்டது. கனவான்கள் ஆளுநராய் இருந்தனர். ஆண்டறிக்கைகள் அச்சாகி வந்தன. ஒரு நிலையத்துக்கு வேண்டிய மதிப்பு யாவும் அதற்கு இருந்தது. அந்த மதிப்பே அதன் திரையுமாயிற்று.

ஹனாவின் மரணம் வில்லியம் ரியூக் என்ற குவேக்கரின் மனத்தை வருத்தியது. அவர் வைத்தியரல்லர்; தேயிலை வணிகர். நம் மலைகளிலே தேயிலை பயிராகாத அக்காலத்திற் சீனத்துத் தேயிலை விற்றவர். அவர் தம் குழுவினரிடம் பணந்திரட்டி, 1796 இலே அதே நகரின் புறத்தே ‘றிற்றீற்’ என்ற இல்லத்தைத் திறந்தார். ஒதுங்கியிருக்கும் இடம் என்பது அப்பெயரின் பொருள். அங்கே சாளரங்களின் சட்டங்கள் இரும்பினாலானவை. ஆயினும் பார்வைக்கு மரச்சட்டம் போலவே அமைந்திருந்தன. பாதுகாப்பு வேண்டும், ஆனால் அது சிறையென்று நோயாளிக்குத் தோன்றலாகாது என்பது கருத்து. ஒருநாள் மல்லன் போன்ற உடலமைப்புடைய ஒருவரைச் சங்கிலியிட்டுக் கொண்டுவந்தார்கள். வந்தவுடனே சங்கிலியைக் கழற்றி, மேற்பார்வையாளர் இராவுணவு உண்ணும் மேசைக்கே அவரை அழைத்துச் சென்றனர். ஏறக்குறைய நான்கு மாதத்தில் அவர் குணமடைந்து வீடு திரும்பினார்.

வில்லியத்தின் பேரரான சாமுவேல் ரியூக் 1813 இலே இவ்வில்லத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். பழைய விடுதியை அவர் வெளிப்படையாகக் குறைகூறவில்லை. ஆயினும் அவ்விடுதியின் வைத்தியர் பத்திரிகையிலே சினந்து எழுதினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது போலும்! அச்சண்டை ஊரெங்கும் பரவிய வேளையில், கொட்பிரி ஹிக்கின்ஸ் என்ற நீதவான், தாம் அங்கு அனுப்பிய ஏழை நோயாளி ஒருவர் அடிபட்டும் அழுக்குற்றும் கிடந்ததை வெளிக்கொணர்ந்தார். ஆளுநர்கள் கூடினர், குற்றமில்லை என்று தீர்த்தனர். ஆனால் அவர்கள் மறந்த விதி ஒன்றிருந்தது. இருபது பவுண் நன்கொடை அளிப்பவர் எவரும் ஆளுநராகலாம். ஹிக்கின்ஸும் அவர் நண்பர் பலரும் தலைக்கு இருபது பவுண் செலுத்தி உள்ளே புகுந்துவிட்டனர்!

அந்த டிசம்பர் 28 ஆம் நாள் விடுதியின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது. கடமையில் இருக்கவேண்டியோர் பலர் அன்று அங்கில்லை. நான்கு நோயாளர் மாண்டனர். விசாரணை தொடங்கிய வேளையில் மூண்ட தீயாதலால், ஊரார் பலவாறு ஐயுற்றனர்.

நான் சில காலம் மாணவர் விடுதியொன்றை மேற்பார்த்தவன். பரிசோதகர் வருவதாக அறிவித்த நாளிற் குழம்பு கெட்டியாயிருக்கும். அறிவியாது நானே சமையலறைக்குட் போன நாளில், அதிலே காய்கறியைத் தேடவேண்டியிருந்தது. ஹிக்கின்ஸுக்கும் இது தெரிந்திருந்தது. 1814 இன் வசந்தகாலத்திலே ஒரு காலை அவர் முன்னறிவிப்பின்றிச் சென்று, எல்லாக் கதவுகளையும் திறக்கச் சொன்னார். சமையலறைப் பக்கத்திலே ஒரு கதவுக்குத் திறவுகோல் இல்லையென்றனர். அடுப்பங்கரையிலே நானே ஒன்றைத் தேடிக்கொள்வேன் என்றார் அவர். உடனே திறவுகோல் கிடைத்தது! உள்ளே, ஆளுநர் எவருக்கும் காட்டப்படாத சிற்றறைகள் இருந்தன. வைக்கோல் நனைந்து, காற்றோட்டமின்றி, சொல்லக் கூசும் அசுத்தம் நிறைந்திருந்தன. இரவிலே அங்கே கிடந்த பெண்களைப் பகலிலே வேறோர் அறையில் அடைத்திருந்தனர். பன்னிரண்டு அடி நீளமும் எட்டடிக்குக் குறைந்த அகலமுமான அவ்வறையில் 13 பேர் இருந்தனர். பின்னர் கணக்கைத் தேடியபோது, அறிக்கையிற் காட்டிய மரணம் 221, உண்மையில் நிகழ்ந்தவை 365 என்று தெரியவந்தது.

1815 இலே பாராளுமன்றக் குழுவொன்று இவற்றையும், லண்டன் பெத்லம் மருத்துவமனையிற் பத்தாண்டுக்கு மேலாக இரும்பு வளையத்தாற் பிணிக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் நொரிஸின் நிலையையும் விசாரித்தது. சட்டம் உறுதிபெற மேலும் முப்பது ஆண்டு சென்றது. 1845 ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் நிரந்தர ஆணையாளரை நியமித்து, இல்லங்களைச் சென்று பார்க்கும் அதிகாரத்தை அளித்தது. அப்படியிருந்தும் 1903 இலே லண்டன் கொல்னி ஹச் மருத்துவமனையின் தற்காலிக மரக்கட்டடம் எரிந்து, 51 பெண்கள் உயிரிழந்தனர்.

இவையெல்லாம் ஆங்கிலேயர் கதையென்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் கடலுக்கு அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடி தர்காவுக்கு, மனநோய் நீங்குமென்ற நம்பிக்கையோடு மக்கள் நெடுங்காலமாகச் செல்கின்றனர். அந்நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. ஆனால் தர்காவைச் சுற்றித் தனியார் பலர் நடத்திய இல்லங்களில் நோயாளரைச் சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்தனர். 2001 ஆகஸ்ட் 6 ஆம் நாள் விடியுமுன், அவற்றுள் ஒன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் இறந்தனர். பலர் சங்கிலியிற் கட்டுண்டிருந்தமையால் ஓட இயலவில்லை. இத்தகைய இல்லங்கள் உரிமம் பெறவேண்டுமென்றும், அவற்றைப் பரிசோதிக்க வேண்டுமென்றும் 1987 ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே சொல்லியிருந்தது. அவ்வில்லமோ உரிமமின்றியே நடந்து வந்தது. அதன் கதவைத் திறக்கச் சொல்ல ஒரு ஹிக்கின்ஸ் வரவில்லை.

தீக்குப் பின்னர் இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியிலிருந்த அத்தகைய இல்லங்களை அரசு மூடியது. மனநோயுற்ற எவரையும் எவ்வகையிலும் சங்கிலியாற் பிணைக்கலாகாது என்று 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்தது. யோர்க் நகரிலே அந்த மல்லனுடைய சங்கிலியைக் கழற்றி மேசைக்கு அழைத்துச் சென்று அப்போது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.