தொடக்கநிலை அல்சைமர்: திருவண்ணாமலையில் அன்றாட வாழ்வு

தொடக்கநிலை அல்சைமர் என்பது அமிலாய்டு, டௌ ஆகிய புரதங்கள் மூளையில் படிந்து அண்மை நினைவு தளரத் தொடங்கிய பின்னும், சொந்த வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் திறன் பெருமளவு எஞ்சியிருக்கும் நிலை. அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1906இல் இந்நோயை முதலில் விவரித்தார். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. மறதிநோய்களில் அல்சைமரே மிகுதி.

இந்த வட்டாரத்தில் நோய் ஏன் தாமதமாகவே தெரியவருகிறது என்பதற்கு அண்டையில் நடந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பங்கேற்ற ‘10/66’ பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின. அமெரிக்க அளவுகோலின்படி, வேலூர்க் கிராமங்களில் 65 வயதைக் கடந்தோரில் 0.3 விழுக்காட்டினருக்கே மறதிநோய் இருந்தது. ஏழை நாடுகளின் வாழ்க்கையைக் கருதி வகுத்த அளவுகோலால் அளந்தபோது அது பல மடங்கு உயர்ந்தது. அன்றாட வேலை கெட்டால்தான் நோய் என்றது முதல் அளவுகோல். இங்கோ மாமியார் உப்பை இரண்டு தடவை போட்டால் மருமகள் கரண்டியை வாங்கிக்கொள்கிறாள். ‘வயசாயிட்டா அப்படித்தான்’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

நோயைத் திரையிட்டு மறைக்கும் அதே அன்பு, நோய் உறுதியான பிறகு இன்னொரு கேட்டையும் செய்கிறது. எல்லா வேலையும் ஒரேயடியாகக் கையைவிட்டுப் போகிறது. செய்யாமல் விட்ட வேலையை மீட்பது இந்நோயில் மிகக் கடினம். வாசல் தெளிப்பது, கோலமிடுவது, பூக்கட்டுவது, கீரை ஆய்வது போலப் பல்லாண்டு கைப்பழக்கத்தில் ஊறியவை நெடுநாள் நிலைக்கின்றன. அடுப்பு, பணப் பரிமாற்றம், மாத்திரைக் கணக்கு, இருசக்கர வண்டி ஆகியவற்றில்தான் துணை வேண்டும். டோனெபெசில் போன்ற மருந்துகள் அறிகுறிகளைச் சிலகாலம் தணிக்கலாம், நோயை நிறுத்துவதில்லை. பி12 குறைபாடு, தைராய்டுக் குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதி தருவதால் அவற்றைச் சோதிப்பது கட்டாயம்.

புது இடத்தில் வழி பிடிபடாமல் போவது தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. பழகிய ஊர் அந்த வகையில் பெருந்துணை. மாட வீதிகளில் எந்தத் திசையில் நிற்கிறோம் என்பதை நாற்புறக் கோபுரங்கள் காட்டிவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில் நடப்பார்கள். மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை எட்டு லிங்கங்களும் மாறாத வரிசையில் வரும். ஆள்நடமாட்டம் குறைந்த விடியற்காலையில், முடிந்த தொலைவுவரை, வீட்டார் ஒருவருடன் நடப்பது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. பௌர்ணமி இரவும் கார்த்திகைத் தீப நாளும் வேறு. லட்சக்கணக்கானோர் நெருக்கும் அக்கூட்டத்தில் கை நழுவினால் தேடுவது பெரும்பாடு. அந்நாள்களில் வீட்டிலேயே இருந்து, தீபத்தன்று மகாதீபத்தை மொட்டைமாடியிலிருந்து பார்ப்பதே பாதுகாப்பு. மற்ற நாள்களிலும் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ பெயரும் வீட்டாரின் கைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்கவேண்டும்.

பல குடும்பங்கள் நோயின் பெயரை நோயரிடமே மறைக்கச் சொல்லி மருத்துவரை வேண்டுகின்றன. இது கனிவிலிருந்து பிறந்தாலும் சரியன்று. சட்டப்படி அவர் முடிவெடுக்கக்கூடிய காலம் குறுகியது. பவர் பத்திரம் எழுதிவைத்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. உயில் செல்ல, எழுதும்போது மனத்தெளிவு இருக்கவேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவைப் பாதிக்கும் கடும் கோளாறையும் தன் வரம்பில் கொள்கிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், பின்னாளில் தம் சார்பில் பேசத் தாமே ஒருவரை நியமிக்கவும் அச்சட்டம் வழிசெய்கிறது. மூத்த மகன்தான் அந்த ஆளாக இருக்கவேண்டும் என்பதில்லை. மகளோ, தங்கையோ, பக்கத்து வீட்டுத் தோழியோ இருக்கலாம்.