தோலின் சாட்சி

சுசீந்திரம் என்றதும் எல்லோருக்கும் ஆஞ்சநேயரும் இசைத்தூண்களும் நினைவுக்கு வரும். திருவிதாங்கூர் காலத்தில் அந்தக் கோயில் இன்னொன்றுக்கும் பேர்போனது. தகாத உறவு வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளை அங்கே கொண்டுவந்து கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்வார்கள். கையைக் கட்டிவைத்துப் பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, இல்லையென்றால் சுத்தன். கைமுக்கு என்று பெயர். அகலிகை விவகாரத்தில் சாபம் பெற்ற இந்திரன் சுத்தியான தலம் என்பது ஐதீகம். கே.கே. பிள்ளை 1953இல் வெளியான தன் சுசீந்திரம் கோயில் நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சுவாதித் திருநாள் ஆட்சியில்தான் இது நின்றது.

இன்று எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும், "கொதிநெய்க்கு என்னவே தெரியும், யோக்கியன் யாரு அயோக்கியன் யாருன்னு?" என்றுதான் கேட்பார்கள். சரியான கேள்வி. ஆனால் தோலைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடலாம் என்ற ஆசை கைமுக்கோடு ஒழியவில்லை. கொலையிலும் பாலியல் வன்முறையிலும் உடலில் பதியும் பல்தடத்தை நீதிமன்றங்கள் வாசித்த வரலாறு அதைத்தான் காட்டுகிறது.

கடி நம்மைத் தனியாகப் பயமுறுத்துகிறது. குத்துக்கும் வெட்டுக்கும் நடுவில் ஒரு கருவி இருக்கிறது. கடியில் உடம்பு நேராக உடம்பைத் தாக்குகிறது. எங்கள் பக்கத்து யட்சிக் கதைகளில் இரவில் போனவனின் நகமும் முடியும்தான் காலையில் மிஞ்சும். கடித்துத் தின்பது மனுஷ வேலை இல்லை என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. தடய மருத்துவ நூல்களும் கடியிலிருந்து மனதை வாசிக்கப் பார்க்கின்றன. ஆத்திரத்தில் கடித்தால் தடம் இழுபட்டுக் கலைந்திருக்கும். வதைத்து ரசிப்பவன் நிதானமாகக் கடிப்பான், பற்கள் தெளிவாகப் பதியும், நடுவில் உறிஞ்சிய கன்றல் இருக்கும் என்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடிபட்டவள் திமிறினால் நிதானமான கடியும் கலைந்துதானே பதியும்? கைகால் அமுக்கப்பட்டவளுக்கு மிஞ்சும் ஆயுதமும் பல்தான். ஆகவே கடித்ததை வைத்து மட்டும் தாக்கியது யார், தற்காத்துக்கொண்டது யார் என்றுகூடச் சொல்லிவிட முடியாது. (மனிதப் பல், இந்திய தண்டனைச் சட்டம் 326ஆம் பிரிவு சொல்லும் ஆபத்தான ஆயுதம் ஆகாது என்று 2004இல் வெளியான ஒரு தீர்ப்பில் உச்சநீதிமன்றம் சொன்னது.)

பல்தடத்தை உலகப் புகழ் பெற வைத்தது 1979இல் ஃபுளோரிடாவில் நடந்த டெட் பண்டி வழக்கு. கொல்லப்பட்ட மாணவியின் உடலில் இருந்த தடத்தோடு அவன் பல்வரிசையைப் பொருத்திக் காட்டினார்கள். பண்டி விஷயத்தில் ஆள் தப்பில்லை. அந்த வெற்றி கொடுத்த தைரியம்தான் ஆபத்தானது. அரிசோனாவில் ஒரு மதுவிடுதிப் பணிப்பெண் கொலையில் ரே க்ரோன் என்பவருக்கு 1992இல் மரணதண்டனை விதித்தார்கள். முக்கியச் சாட்சி அவருடைய கோணல் பல். பத்தாண்டுச் சிறைக்குப் பிறகு, கொல்லப்பட்டவரின் ஆடையில் இருந்த எச்சிலின் டி.என்.ஏ. வேறொருவனைக் காட்டியது. 2002இல் க்ரோன் வெளியே வந்தார். அதே தடத்தில் பல் பொய் சொன்னது, எச்சில் உண்மை சொன்னது.

காரணம் எளிது. தோல் மாவு மாதிரி அச்சுப் பிடிக்காது. இழுபடும், வீங்கும், நிறம் மாறும். 2009இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கையும், 2016 செப்டம்பரில் அந்நாட்டு அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவும் பல்தட ஒப்பீட்டுக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்றன. எட்டு மாதம் கழித்து, 2017 மே 5 அன்று, டெல்லி நிர்பயா வழக்கில் நம் உச்சநீதிமன்றம் பல்தடச் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. தடங்களின் புகைப்படங்களையும் குற்றவாளிகளின் பல் அச்சுகளையும் ஒப்பிட்டவர் தார்வாட் பல் மருத்துவக் கல்லூரியின் நிபுணர். அந்தத் தீர்ப்பு அதை மட்டும் நம்பி நிற்கவில்லை. மரண வாக்குமூலம், டி.என்.ஏ., மீட்கப்பட்ட பொருட்கள் எல்லாம் இருந்தன. என் கவலை அடுத்த வழக்கைப் பற்றியது. வேறு எதுவும் இல்லாத, பல்தடம் மட்டுமே இருக்கிற ஏதோ ஒரு சின்ன ஊர் வழக்கில் இந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாக நீட்டினால்?

அதற்காகக் கடியை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு ஒரு பெண் நள்ளிரவில் கடிபட்ட தோளோடு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காயத்தைக் கழுவி மருந்து போடத்தான் யாருக்கும் கை போகும். கழுவினால் எச்சிலும் போயிற்று. அதற்கு முன்னால், அவள் சம்மதத்தோடு, ஈரப் பஞ்சால் ஒருமுறையும் உலர்ந்த பஞ்சால் ஒருமுறையும் ஒற்றி எடுத்து, அளவுகோல் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். சில நிமிட வேலை. கடித்தவன் கோபத்தில் கடித்தானா குரூரத்தில் கடித்தானா என்ற ஆராய்ச்சி காத்திருக்கலாம். எச்சில் காத்திருக்காது.