50 வயசுல வேலையை விடலாமா? ஒரு பனியன் கம்பெனி கணக்கு

திருப்பூர்ல அவர் கட்டிங் மாஸ்டர், நீங்க ஓவர்லாக் டெய்லர். 50 வயசுல ரெண்டு பேரும் நின்னுடலாம்னு பிளானா? முதல்ல பி.எஃப். தளத்துல உங்க சர்வீஸ் எத்தனை வருஷம்னு பாருங்க. 10 வருஷம் இருந்தாதான் மாதப் பென்ஷன். கம்பெனி மாறும்போதெல்லாம் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்திருந்தா, அந்த சர்வீஸ் போச்சு! இனியாவது அதே யு.ஏ.என். நம்பருக்கு மாத்திக்கோங்க.

14 வருஷ சர்வீஸ், பி.எஃப். பிடிக்கும் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், பெருக்கி 70-ஆல் வகுங்கள்: 58 வயதில் மாதம் 3,000 ரூபாய். 50-லேயே கேட்டால் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவிகிதம் வெட்டு. ரெண்டு பென்ஷன் சேர்ந்தாலும் வாடகைக்கே சரியாப்போகும். மீதிக்கு கையில் சேமிப்பு இல்லையா? ஒருத்தர் மட்டும் முதல்ல நில்லுங்க. இன்னொருத்தரோட சனிக்கிழமைச் சம்பளம் வரட்டும்.