கொடுக்கப்பட்டவளும் கேள்வி கேட்டவளும்

நாவலிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் பெண் எவ்வாறு படைக்கப்படுகிறாள் என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் மேனாட்டு நூல்களைக் கையிலெடுத்துக்கொண்டே தொடங்குகின்றனர். நாம் திருவண்ணாமலைக் கோயிலின் ஒரு கோபுரத்தடியிலிருந்து தொடங்குவோம். கிழக்கு ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே செல்வோர் அடுத்துக் காண்பது வல்லாள மகாராஜா கோபுரம். போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பியது அது. 1311இல் மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்தைத் தாக்கிய பின்னர், தமிழ் நிலத்தில் கால் ஊன்றிய அம்மன்னன் அண்ணாமலையையும் தன் தலைநகரங்களுள் ஒன்றாக்கிக்கொண்டான்.

இம்மன்னனைப் பற்றி ஊரில் வழங்குவது வேறொரு கதை. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் அதனைப் பாடுகிறது, கூத்தாகவும் ஆடுகிறார்கள். மன்னனுக்கு மல்லமாதேவி, சல்லமாதேவி என இரு மனைவியர், மகப்பேறு இல்லை. கேட்டதைக் கேட்டவர்க்குக் கொடுப்பதென்பது அவன் நோன்பு. அதனைச் சோதிக்கச் சிவபெருமான் அடியார் வேடத்தில் வந்து, ஓரிரவுக்கு ஒரு பெண் வேண்டும் என்கிறார். ஊரிலுள்ள தாசியர் வீடுகளையெல்லாம் அவருடன் வந்தவர்கள் முன்னரே நிறைத்துவிட்டிருந்தார்கள். வாக்குத் தவற அஞ்சிய மன்னன் இளைய மனைவி சல்லமாதேவியை அனுப்புகிறான். அவள் அணுகியதும் அடியார் பச்சிளங் குழந்தையாகிவிடுகிறார், பிறகு மறைகிறார். மகனில்லாத உனக்கு நாமே மகனாக இருந்து இறுதிக் கடன் செய்வோம் என்ற வரம் மன்னனுக்குக் கிடைக்கிறது. இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் விழா நடைபெறுகிறது.

பக்தியின் கண்ணுக்கு இது மன்னனின் கதை. அந்த நம்பிக்கையோடு நமக்கு வழக்கில்லை. கதாபாத்திரம் என்ற வகையில் சல்லமாதேவியை மட்டும் பார்ப்போம். அவள் இசைகிறாள், அலங்கரித்துக்கொண்டு செல்கிறாள். அந்த இசைவுக்கு அப்பால் அவளுக்கென ஒரு விருப்பமோ அச்சமோ இருந்ததா என்று கதை தேடிப் போவதில்லை. மகப்பேறு இல்லாத ஒருத்தியின் கையில் குழந்தை ஒரு கணம் இருந்து மறைந்ததே, அக்கை என்ன ஆயிற்று? வரமும் மன்னனுக்கு, திதியும் மன்னனுக்கு. மனைவியை அடியார்க்கு ஈந்த இயற்பகை நாயனார் கதையும், மனைவியை விற்ற அரிச்சந்திரன் கதையும் இதே அச்சில் வார்க்கப்பட்டவையே. ஆணின் வாய்மையை உரைத்துப் பார்க்கப் பெண் உரைகல்லாகிறாள்.

இதே வல்லாளனை வரலாறு வேறு விதமாகக் காட்டுகிறது. மதுரைச் சுல்தான்களோடு போரிட்டு, கண்ணனூரை முற்றுகையிட்டிருந்த வேளையில், 1342இல், எண்பது வயதைக் கடந்த அவன் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். மதுரை மதிலில் அவனுடல் தொங்கியதைக் கண்டதாக மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா எழுதிவைத்தார். போரில் பிடிபட்டவர்களின் மனைவியரையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதையும் அவர் மறைக்கவில்லை. வேறெந்த மன்னனும் செய்து தாம் அறியாத கொடுமை அது என்றும், அதனாலேயே இறைவன் அவனது முடிவை விரைவுபடுத்தினான் என்றும் குறித்தார். சுல்தான் அவருக்கு நெருங்கிய உறவினன் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். மதுரையின் முதல் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸனின் மகளிருள் ஒருத்தியைக் கியாசுத்தீனும், ஹூர்நஸப் என்பவளை இப்னு பதூதாவும் மணந்திருந்தனர்.

அந்த ஹூர்நஸபைப் பற்றி அவர் எழுதியது ஒருசில வரிகளே. நல்லொழுக்கமுடையவள், இரவில் தஹஜ்ஜுத் தொழுபவள், படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது, ஒரு மகளைப் பெற்றாள், அவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதை அறியேன். இவ்வளவுதான். ஆயினும், ஒரு சருக்கம் முழுதும் நடமாடும் சல்லமாதேவியைவிட இச்சில வரிப் பெண் நம் கண்முன் உயிரோடு நிற்கிறாள். எழுதத் தெரியாது என்ற அந்த ஒரு குறிப்பு வாய்மைச் சோதனைக்கும் உதவாது, புகழுக்கும் உதவாது. அவளுக்கு மட்டுமே உரியது.

மீண்டும் கோபுரத்துக்கு வருவோம். அருணகிரிநாதர் குதித்ததாகச் சொல்லப்படுவதும் இதே வல்லாள கோபுரத்திலிருந்துதான். பரத்தையரிடம் பொருளை இழந்து, நோயுற்று, தமக்கையிடம் பணம் கேட்டு நிற்கிறார், உனக்கு வேண்டியது பெண்ணுடல்தானே, இதோ நானிருக்கிறேன் என்கிறாள் அவள், நாணி உயிர்விடத் துணிகிறார், முருகன் தாங்கிக்கொள்கிறான். டி. ஆர். ராமண்ணா இயக்கி, டி. எம். சௌந்தரராஜன் தலைமைப் பாத்திரமேற்ற 'அருணகிரிநாதர்' படம் 1964இல் வெளிவந்தது. அவ்வரலாற்றில் பெண்கள் இரு வகையினர்: கெடுப்பவர், திருத்துபவர். அருணகிரி எழுந்து பாடத் தொடங்கியதும் இரு வகையினருக்கும் வேலை முடிந்துவிடுகிறது. கதைகளில் மிகக் கடுமையான சொல்லைச் சொன்ன அந்தத் தமக்கை, அதைச் சொல்லிவிட்டு அன்றிரவு எவ்வாறு உறங்கினாள் என்பதைப் பாட ஒருவரும் முன்வரவில்லை.

இவ்வளவும் சொன்னபின், இம்மாவட்டத்து மக்கள் ஊமைப் பெண்ணையே விரும்பினர் என்று எவரேனும் முடிவுகட்டினால் அது தவறாகும். வடக்குக் கோபுரத்தைப் பாருங்கள்: 171 அடி. சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள் வீடு வீடாகப் பொருள் திரட்டிக் கட்டி முடித்தது. பெயரும் அவருடையதே. ஊர்ப்புறக் கூத்து மேடையையும் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறும் நாட்களில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. துகிலுரிதல் நடக்கும் இரவில் கூட்டம் கலைவதில்லை. திரௌபதியும் கணவனால் பணயம் வைக்கப்பட்டவளே, சல்லமாதேவியின் நிலைதான். ஆனால் இவள் கேட்கிறாள்: தன்னை முன்னரே தோற்றுவிட்டவனுக்கு என்னை வைத்தாட ஏது உரிமை? சபையிலிருந்த பீஷ்மராலும் விடை கூற இயலவில்லை. விரித்த கூந்தலைப் படுகளத்தன்று முடிக்கும்வரை அக்கேள்வி ஊர் நடுவே நிற்கிறது. வேடிக்கை என்னவெனில், இக்கேள்வியைக் காலங்காலமாகக் கேட்டுவந்தது முகம் மழித்துச் சேலை கட்டிய ஆண்.

கர்ண மோட்சக் கூத்தும் இம்மாவட்டத்துக்கு நெருக்கமானதே. செய்யாறு வட்டத்துப் புரிசை கண்ணப்பத் தம்பிரான் குழுவினர் அதனைப் பல ஊர்களில் ஆடிப் புகழ்பெற்றவர்கள். அதில் கர்ணனின் மனைவி பொன்னுருவி குலச்செருக்குடையவள். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று கணவனை இகழ்ந்தவள். அவன் போருக்குப் புறப்படும் வேளையில் அழுது தடுப்பவளும் அவளே. குற்றமும் துயரமும் ஒருத்தியிடமே இருக்கின்றன. பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' படம், அதுவும் 1964, இந்தப் பெண்ணை என்ன செய்தது? தேவிகா நடித்த சுபாங்கி அன்பே உருவானவள். குலம் பேசும் இழிசொல் அவள் தந்தையின் வாய்க்கு மாற்றப்பட்டுவிட்டது. கதாநாயகி களங்கமற்றவளானாள், கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த அந்த முரண்பட்ட பெண்ணோ காணாமற்போனாள். கல்வியறிவற்றோர் கலை என்று கூத்தை ஒதுக்கிய நகரத்தார், பெண்ணைப் படைப்பதில் அக்கலை தம் திரையைவிட முதிர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் மேடையில் பெண் கேள்வி கேட்பது ஒன்று. மேடைக்குப் பின்னால் பெண் வாழ்வது மற்றொன்று. தென்னார்க்காட்டுப் பகுதியைக் களமாகக் கொண்டு இமையம் எழுதிய 'செடல்' நாவல் (2006) இந்த இரண்டாவதைக் கையிலெடுக்கிறது. மழையற்ற காலத்தில் ஊர் நலத்துக்காகச் சிறுமியொருத்தியைப் பொட்டுக்கட்டித் தெய்வத்துக்குக் கொடுக்கிறார்கள். பின்னர் அவள் கூத்துக் குழுவில் சேர்ந்து ஆடுகிறாள். சல்லமாதேவியைக் கொடுத்தான் மன்னன். செடலைக் கொடுத்தது ஊர். வேறுபாடு இதுதான்: புராணம் கொடுத்த இரவோடு அவளை விட்டுவிடுகிறது, நாவல் கொடுத்த மறுநாளிலிருந்து தொடங்குகிறது. எங்கே தங்கினாள், என்ன உண்டாள், யாருக்கு அஞ்சினாள், தன்னைக் கொடுத்த ஊர்த்தெருவில் முதுமையோடு எப்படி நடந்தாள் என்று பக்கம் பக்கமாக அவளைப் பின்தொடர்ந்து செல்கிறது.