கேட்காமல் விட்ட கேள்வி

ஒரு மருத்துவக் காப்பீட்டு கம்பெனிக்கு கோர்ட்டில் வரும் ஆபத்துகளில் முக்கியமானது 'ஏற்கெனவே இருந்த நோய்' என்ற ஷரத்து. கிளைம் போட்டதும், "இதை எங்களிடம் சொல்லவில்லையே" என்கிறது கம்பெனி. "நீங்கள் எங்கே கேட்டீர்கள்?" என்கிறார் பாலிசிதாரர். இந்த வாக்குவாதத்துக்கு வயது 250க்கு மேல். ஆரம்பித்தது நோயில் இல்லை, ஒரு கோட்டையில்.

சுமத்ராவின் பெங்கூலனில் கிழக்கிந்திய கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. எதிரி நாட்டவர் கோட்டையைப் பிடித்தால் நஷ்டஈடு கிடைக்கும்படி அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டருக்காக லண்டனில் காப்பீடு எடுக்கப்பட்டது. 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தே விட்டார்கள். காப்பீடு கொடுத்த போஹெம், கோட்டை பலவீனமாக இருந்ததை மறைத்துவிட்டார்கள் என்று பணம் தர மறுத்தார். காப்பீடு என்பது நல்லெண்ணத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம், தெரிந்ததை மறைக்கக் கூடாது என்று 1766இல் சொன்னார் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது இந்தப் பாதிதான். ஆனால் வழக்கில் ஜெயித்தவர் கார்ட்டர்! போஹெம் விசாரித்திருக்கலாம், விசாரிக்காமல் ப்ரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டுவிட்டு, பிறகு குறை சொன்னால் எப்படி?

நம்மூருக்கு வருவோம். 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45வது பிரிவு, ஆயுள் காப்பீட்டுக்கு ஒரு காலக்கெடு வைத்தது. இரண்டு வருடம் தாண்டினால், மோசடி இருந்தாலொழிய பழைய படிவத்தைக் கிளறக் கூடாது. (2015 திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருடம்.) 1986இல் அரசு கம்பெனிகள் மெடிகிளைமைக் கொண்டுவந்தபோது அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் அதே 1986இல்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கம்பெனியைக் கேள்வி கேட்க சாதாரண மனிதருக்கு ஒரு வாசல் திறந்தது.

அதன் பிறகு உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. கிளைமுக்காக கோர்ட்டுக்குப் போனவரின் பாலிசியைப் புதுப்பிக்க, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா மறுத்தது. அது தன்னிச்சையான செயல் என்றது 2001 தீர்ப்பு. 2009இல் கம்பெனி ஜெயித்தது. அந்த வழக்கில் பாலிசிதாரர் தன் தீவிரமான சிறுநீரக நோயைச் சொல்லவே இல்லை. 2021இல் காற்று திரும்பியது. சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொல்லித்தான் ஒருவர் வெளிநாட்டுப் பயண பாலிசி எடுத்தார். அமெரிக்காவில் மாரடைப்பு வந்தது. அவர் சாப்பிட்ட கொழுப்பு மாத்திரையைக் காட்டி கம்பெனி கைவிரித்தது. உடல்நிலை தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு, அதையே காரணமாக்கி மறுக்க முடியாது என்றது கோர்ட். கார்ட்டர் வழக்கின் மறுபாதிதானே இது?

ஒழுங்குமுறை ஆணையமும் கடைசியில் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. தொடர்ந்து எட்டு வருடம் ப்ரீமியம் கட்டியவரின் பாலிசியை, மோசடி நிரூபணமானாலொழிய, கேள்வி கேட்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. 2024இல் அது ஐந்து வருடமானது.

சாஃப்ட்வேர்காரன் பார்வையில் இது பழகிய விஷயம். உள்ளே வரும் தகவலை வாசலிலேயே சரிபார்க்க வேண்டும். அங்கே சோம்பல்பட்டால் பின்னால் வெடிக்கும். விற்கும்போது 'எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க சார்' என்று ஏஜெண்ட் சொல்லும் அந்த நிமிடத்தில்தான் கம்பெனியின் வழக்கும் பிறக்கிறது, நம்முடைய ஆபத்தும் பிறக்கிறது. அதனால் அவர் என்ன சொன்னாலும் சரி, இருப்பதை எழுதுங்கள். படிவத்தின் நகலை பத்திரமாக வையுங்கள்.